மேனேஜருக்கு வெங்காயம் இல்லாத சூப்

நோயாளிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகிற சாப்பாட்டைச் சமைப்பதுதான் அவளுடைய உத்தியோகம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் அறையை ஒட்டி, ‘பத்தியச் சமையல்’ என்று பலகை மாட்டிய கூடம். அங்கே உப்பு டப்பா கிடையாது. மிளகாய் என்று யாராவது சொல்லிவிட்டால், கெட்ட வார்த்தை காதில் விழுந்தது போல மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வார்டுகளுக்குப் போன தட்டுகள் பாதி காலியாகத் திரும்பி வந்தால் அன்றைக்கு அமோக வெற்றி. அந்த அடுப்படியில் அவளுக்கு அரை ஆயுசு போயிற்று. மேலே இருக்கும் டாக்டர் முதல் வாசலில் இருக்கும் காவல்காரர் வரை எல்லோருக்கும் அவள் உப்பில்லாக்கா. அந்தப் பெரிய டாக்டரே ஒரு தடவை வயிற்றுப்புண் வந்து அதே ஆஸ்பத்திரியில் படுத்தபோது, “உப்பில்லாக்காகிட்ட சொல்லி என் தட்டுல மட்டும் ஒரு சிட்டிகை...” என்று நர்ஸ் மூலம் தூது விட்டுப் பார்த்தார். தட்டு போனது. சிட்டிகை போகவில்லை.

வீட்டிலும் அவள் கைக்கு உப்பு பழகவில்லை. சமைத்து இறக்கி வைப்பாள். கணவர் ஜாடியைத் திறந்து தனக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்வார். “நீ சமையல் பண்ணு, நான் ருசி பண்றேன்” என்பார். அவர் பஸ் டிரைவர். ஒருநாள் மத்தியானம் டிப்போவில் பஸ்ஸை நிறுத்தி, சாவியை ஒப்படைத்து, பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கினார். டீ ஆறியது. அவர் எழுந்திருக்கவில்லை.

சேதி வந்தபோது அவள் வார்டுகளுக்குத் தட்டு போட்டுக்கொண்டிருந்தாள். மீதித் தட்டுகளையும் போட்டு முடித்து, அடுப்பை அணைத்து, கை கழுவிக்கொண்டுதான் கிளம்பினாள். இந்த விஷயம் சொந்தக்காரர்கள் மத்தியில் நிறையப் பேசப்பட்டது. அவளைக் கேட்டிருந்தால், அடுப்பை அணைக்காமல் எப்படி வருவது என்று கேட்டிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவள் அழுவதற்காகக் காத்திருந்தார்கள். சிலர் தூரத்து ஊரிலிருந்து செலவு செய்துகொண்டு வந்தவர்கள். வெறுங்கையோடு திரும்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. நாத்தனார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அழுதுடுங்க அண்ணி. உள்ளயே வச்சுக்கிட்டா நெஞ்சு அடைச்சுக்கும்.”

“வரலம்மா. வந்தா அழமாட்டேனா?”

வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்ற கண்கள் அவை. என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். அதையும் பேசினார்கள்.

எல்லோரும் போன பிறகு வீட்டில் இரண்டு பேர் மிச்சம். அவளும், மேனேஜரும்.

மேனேஜர் என்பது கணவர் வளர்த்த பூனை. டிப்போ மேனேஜரைப் போலவே பகலெல்லாம் தூங்கி, சாப்பாட்டு டப்பா திறக்கும் சத்தத்துக்கு மட்டும் விழித்து, எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போவதால் அந்தப் பெயர். சாம்பல் நிறம், தொங்கும் வயிறு. கணவர் அதற்குக் கொடுக்காதது கிடையாது: பிஸ்கட், பால், வறுத்த மீன், கடையில் விற்கும் உருண்டைத் தீனி. அவள் அந்தப் பூனையைத் திட்டியதும் இல்லை, கொஞ்சியதும் இல்லை. வீட்டில் அலமாரி இருப்பது போல அதுவும் இருந்தது.

கணவர் போன பிறகு அவள் கிண்ணத்தில் உருண்டைத் தீனியைக் கொட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மேனேஜர் தின்றது, வாந்தி எடுத்தது, மறுபடி தின்றது, சிறுநீர் போக முடியாமல் முனகியது. நாத்தனார்தான் கூடையில் போட்டு, அவளையும் இழுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனாள்.

வைத்தியர் சின்ன வயதுப் பெண். கன்னத்தில் ஏதோ ஒரு பூனை போட்ட கீறல். மேனேஜரைத் தூக்கி எடை பார்த்துவிட்டு, “இவரு பூனையா, சோபாவா?” என்று கேட்டாள். பிறகு சொன்னாள்:

“அம்மா, கடைத் தீனியை நிறுத்திடலாம். வீட்டுலயே சமைச்சுப் போடுங்க. கோழித் தொடைக்கறி, கூடக் கொஞ்சம் கோழி இதயம், எப்பவாவது துளி ஈரல். வேகவச்ச தண்ணியோட மசிச்சுடுங்க, தண்ணி நிறைய உள்ள போகணும். நான் தர்ற பொடியைக் கட்டாயம் கலக்கணும். வெறும் கறி மட்டும் போட்டா எலும்பும் கண்ணும் போயிடும். பால் வேணாம். உப்பு வேணாம், மசாலா வேணாம். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

“செய்ய முடியுமா?”

நாத்தனார் முந்திக்கொண்டாள். “இவங்க வாழ்க்கையில செஞ்சதே அது ஒண்ணுதான் டாக்டர்.”

உண்மைதான். உப்பு இல்லாமல், மசாலா இல்லாமல், வெங்காயம் பூண்டு இல்லாமல். வயிற்றுக்காரர்கள் படுத்திருக்கும் ஏழாம் வார்டின் உத்தரவு அப்படியே. அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குக்கரை எடுத்தாள். கறியைக் கழுவினாள், கொழுப்பை நீக்கினாள், தண்ணீர் ஊற்றினாள். அவள் மனம் எங்கேயும் இல்லை. கை மட்டும் வேலை செய்தது. கொதி வந்ததும் இறக்கி, மசித்து, ஆறவைத்து, பொடியைக் கலந்து, சின்னச் சின்னக் கிண்ணங்களில் போட்டு ஃபிரிட்ஜில் அடுக்கினாள். ஒரு கிண்ணத்தை மேனேஜர் முன் வைத்தாள். அது முகர்ந்தது. ஒரு வாய் எடுத்தது. அப்புறம் கிண்ணத்தைச் சுவர் வரை தள்ளிக்கொண்டே போய் நக்கித் துடைத்தது. தட்டு காலியாகத் திரும்பி வருவது அவளுடைய தொழில் வாழ்க்கையில் அபூர்வம். கொஞ்ச நேரம் அந்தக் கிண்ணத்தையே பார்த்தாள். சந்தோஷமா என்று கேட்டால், அப்படியும் இல்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

குக்கரில் மிச்சம் இருந்ததைத் தானே சாப்பிட்டாள். தனக்கென்று இன்னொரு தடவை அடுப்பு பற்றவைக்க அவளுக்குக் காரணம் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. பிறகு அதுவே ஏற்பாடாகிவிட்டது.

நாத்தனார் இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடை வைத்திருப்பவள். ஞாயிறு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வருவாள். ஊர்ச் செய்தி, உறவுச் செய்தி இரண்டுக்கும் குடும்பத்தில் அவள்தான் தலைமை அலுவலகம். ஒருநாள் அண்ணியின் தட்டையும் பூனையின் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அண்ணி, ரெண்டுலயும் ஒண்ணே இருக்கு.”

“ஆமா.”

“அவன் உங்க சாப்பாட்டைச் சாப்பிடுறானா, நீங்க அவன் சாப்பாட்டைச் சாப்பிடுறீங்களா?”

“அவனுக்குத்தான் சமைச்சேன். மிஞ்சிச்சு.”

“ஐயோ! வெளிய சொல்லிடாதீங்க.” சொல்லப்போவது யார் என்று இருவருக்கும் தெரியும்.

அன்றைக்கே நாத்தனார் இன்னொன்றையும் கவனித்தாள். கொடியில் அண்ணனின் கைக்குட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. வண்டி ஓட்டும்போது கழுத்தில் சுற்றிக்கொள்ளும் பெரிய கட்டம் போட்ட கைக்குட்டை. போன ஞாயிறும் அது காய்ந்தது. அதற்கு முந்தின ஞாயிறும். நாத்தனார் அதைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். எதுவும் கேட்காமல் வீட்டுக்குப் போய் உறவினர் ஒருவர் விடாமல் போன் போட்டாள்: “நாமதான் தப்பா நினைச்சுட்டோம். அண்ணி யாரும் இல்லாதப்ப அண்ணனோட கர்ச்சீப்பை வச்சுக்கிட்டு அழறாங்க. ஞாயித்துக்கிழமையானா நனைஞ்சு கிடக்குது.” தூரத்து ஊரிலிருந்து செலவு செய்துகொண்டு வந்தவர்களுக்குக் கூட மனசு ஆறியது.

மழை விட்டு வெயில் திரும்பிய நாட்களில் மேனேஜர் மாறத் தொடங்கியது. டப்பா திறக்கும் சத்தத்துக்கு ஒரு கண் மட்டும் திறந்தது. ஜன்னல் விளிம்புக்குத் தாவப் பார்த்து, பாதியிலேயே யோசனையைக் கைவிட்டது. மூச்சு வேகமாக வாங்கியது. மூக்கு நுனியில் இருந்த இளஞ்சிவப்பு வெளுத்துப் போனது.

நாத்தனாருக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. “அண்ணன் நினைப்பு. வாயில்லா ஜீவன், சொல்லத் தெரியல.”

இந்தச் செய்தியும் பரவியது. மேல் மாடி வீட்டம்மா இறங்கி வந்து மேனேஜரைப் பார்த்து, “மனுஷங்களுக்கே இல்லாத பாசம்” என்று சொல்லிவிட்டு, அந்த மனுஷங்களில் ஒருத்தி பக்கத்திலேயே நிற்பதைக் கண்டு இருமினாள். டிப்போவிலிருந்து இரண்டு கண்டக்டர்கள் வந்து பூனையிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அவளுக்குச் செய்ய முடியாததை மேனேஜர் செய்துகொண்டிருந்தது, படுத்தபடியே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். உனக்கு எப்படி வருது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

ஒரு காலை அது எழுந்து நிற்க முயன்று பக்கவாட்டில் சரிந்தது. அப்போதுதான் அவள் தானாகவே கூடையை எடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு லீவு சொன்னாள். கணவர் போனதற்குக் கூட அவள் கூடுதலாக ஒரு நாள் லீவு எடுத்ததில்லை.

வைத்தியப் பெண் மேனேஜரின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். ரத்தம் எடுத்து உள்ளே போய், திரும்பி வந்தாள்.

“துக்கமெல்லாம் இல்லம்மா. ரத்தம் உடைஞ்சுக்கிட்டே இருக்கு. வெங்காயம் தின்னா இப்படித்தான் ஆகும். பூனைக்கு அது விஷம். குடுத்தீங்களா?”

“இல்ல.”

“பூண்டு?”

“இல்ல டாக்டர். நீங்க சொன்னபடிதான்.”

“ஒரு தடவை தப்பித்தவறித் தின்னது மாதிரி தெரியல. கொஞ்சம் கொஞ்சமா ரொம்ப நாளாப் போயிருக்கு. வீட்டுக்கு வர்றவங்க யாராவது?”

அவள் யோசித்தாள். அந்த வீட்டுக்கு வாராவாரம் வருகிறவள் ஒருத்திதான்.

“பிழைக்குமா?”

“எது உள்ள போகுதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தினாத்தான். இங்க வச்சு நான் தேத்தி அனுப்புவேன். அங்க மறுபடியும் அதே போச்சுன்னா, அடுத்த தடவை என்கிட்ட கொண்டுவர வேலையே இருக்காது.”

மேனேஜர் அங்கே கூண்டில் ஊசிக்குழாயோடு தங்கியது. அவள் நேராகத் தையல் கடைக்குப் போனாள். நாத்தனார் ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“நீ மேனேஜருக்கு ஏதாவது குடுத்தியா? வெங்காயம் போட்டது?”

குரலில் கோபமே இல்லை. தட்டு எண்ணுகிற குரல். அதுதான் நாத்தனாருக்கு அதிகம் சுட்டது.

“என்னது?”

“டாக்டர் வெங்காயம்னு சொல்றாங்க. நான் போடல. நீதான் வர்ற.”

தையல் மிஷின் நின்றது. “எங்க அண்ணன் பூனைக்கு நான் விஷம் வைப்பேனா? ஏன் அண்ணி, உங்களைப் பார்க்க ஒரு நாய் வருதா அந்த வீட்டுக்கு? நான் ஒருத்திதானே வர்றேன்? அதுக்கு இதா கூலி?”

“கேட்டேன். அவ்வளவுதான்.”

“கேட்டாச்சுல்ல? போங்க. இனிமே வந்தா ஏன்னு கேளுங்க.”

அடுத்த ஞாயிறு நாத்தனார் வரவில்லை. பூனையும் இல்லாத வீட்டில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சமைக்கவில்லை. பசிக்கிறதா என்று தெரியாததால் சாப்பிடவும் இல்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். சமையற்கூடத்தில் காய் நறுக்குகிறவரைக் கத்தி மாமா என்பார்கள். கத்தியை விட நாக்கு கூர்மை.

“வாம்மா உப்பில்லாக்கா. உன் மேனேஜர் மெடிக்கல் லீவாமே? சம்பளத்தோடவா, சம்பளமில்லாமலா?”

“கறியை எடு மாமா.”

“எடுத்தாச்சு. ஏழாம் வார்டுல புதுசா ஒரு ஆள். ‘வெங்காயம் பூண்டு கூடவே கூடாது’ன்னு சீட்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க. என்ன செய்ய?”

“என்ன செய்ய? முடிச்சுப் போடு.”

கத்தி மாமா ஒரு துண்டு வெள்ளைத் துணியை விரித்தார். இரண்டு வெங்காயத்தை நாலாகப் பிளந்து வைத்தார், நாலு பல் பூண்டைத் தட்டி வைத்தார், நாலு முனையையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். அந்தக் கூடத்தில் வெங்காயம் வேண்டாம் என்றால் வழக்கம் இதுதான்: முடிச்சாகக் கட்டிக் கொதியில் போடுவது, சாறு இறங்கியதும் பிழிந்து எடுத்து எறிவது. வயிற்றுக்காரர்களுக்கு வெங்காயத் துண்டு தட்டுப்படாது. சூப்பும் வெறும் வெந்நீராக இருக்காது. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. யாரும் இதை வெங்காயம் போட்டதாக நினைத்ததே இல்லை. எடுத்துவிட்டோமே.

அவர் முடிச்சை அவள் கையில் கொடுத்தார். அதன் கனத்தை அவள் கை உடனே அடையாளம் கண்டுகொண்டது. ஞாயிற்றுக்கிழமைக் கனம். கொதி வந்ததும் முடிச்சை எடுத்து, ஒரு சொட்டு வீணாகாமல் குக்கரிலேயே பிழிகிற பிழி. வீட்டில் துணிக்குத்தான் கணவரின் கைக்குட்டை. நல்ல பருத்தி, சாயம் போகாது என்று எடுத்தது. பிழிந்து, துவைத்து, கொடியில் போட்டது. வாராவாரம்.

“என்னம்மா, அப்படியே நின்னுட்ட? முடிச்சு உன்னைக் கடிச்சிருச்சா?”

“மாமா, இத நான் வீட்டுலயும் போட்டேன்.”

“எதை?”

“முடிச்ச. பூனைக்கு.”

கத்தி மாமாவுக்கு வாயில் ஏதோ வந்தது. வெளியே விடாமல் விழுங்கிவிட்டார். அவர் வாழ்க்கையில் அது அபூர்வமான காரியம். “போயிட்டு வா. இன்னிக்கு நான் கிண்டிக்கிறேன்” என்றார்.

இந்த முறை அவள் அடுப்பை அணைக்கவில்லை. முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டே பஸ் ஏறினாள். பக்கத்து சீட்டுக்காரர் மோந்து பார்த்து நகர்ந்து உட்கார்ந்தார்.

வைத்தியப் பெண் முடிச்சைத் தட்டில் வைத்து அவிழ்த்துப் பார்த்தாள். திட்டு விழும் என்று இவள் காத்திருந்தாள். திட்டு விழவில்லை.

“விஷம்னு அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். ‘கூடாது’ன்னு மட்டும் சொன்னேன்.”

“கூடாதுன்னா எங்ககிட்ட இதுதாம்மா.”

“சரி. தெரிஞ்சு போச்சுல்ல, இனிமே பயம் இல்ல. நேத்து ராத்திரியே கொஞ்சம் தேறிட்டான். கூட்டிட்டுப் போங்க. ஆனா நல்லாச் சாப்பிடணும். பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுப்போகும். அதைப் பார்த்துக்கங்க.”

கூடையோடு அவள் தையல் கடை வாசலில் நின்றாள். நாத்தனார் தலை நிமிரவில்லை. வாயில் ஊசி.

“நீ இல்ல. நான்தான்.”

நாத்தனார் ஊசியை எடுத்தாள். அவள் முழுவதையும் சொன்னாள், முடிச்சு, கொதி, பிழிவது எல்லாம். நாத்தனாரின் முகம் முதலில் ஜெயித்த முகமாக இருந்தது. பாதியில் மாறியது.

“அப்போ அந்தக் கர்ச்சீப்பு?”

“அதுலதான் கட்டினேன்.”

“அழுததில்லையா?”

“இல்லம்மா.”

நாத்தனார் தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினாள். எத்தனை போன், எத்தனை பேர். கடைசியில் சொன்னாள்: “வேற யார்கிட்டயும் இத சொல்லிடாதீங்க அண்ணி. அழுதீங்கன்னே இருக்கட்டும்.” பிறகு கடையைப் பூட்டினாள். “நானும் வர்றேன்.”

வீட்டில் அவள் கறியை வேகவைத்தாள். நாத்தனார் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக் காவல் நின்றாள். இரண்டு தடவை அவள் கை தானாக வெங்காயக் கூடைப் பக்கம் போனது. இரண்டு தடவையும் நாத்தனார் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். மசித்து, பொடி கலந்து, கிண்ணத்தை வைத்தார்கள்.

மேனேஜர் முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஏழாம் வார்டுக்காரர்கள் திருப்பிக்கொள்கிற அதே திருப்பல்.

“உங்க முடிச்சு ருசி கண்டுட்டான். இப்ப என்ன பண்றது?”

அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி கிண்ணத்தை நகர்த்தினாள். அது கண்ணை மூடிக்கொண்டது.

“அண்ணன் எப்படிக் குடுப்பான் இவனுக்கு?”

அவள் யோசித்தாள். அடுப்படியில் நின்று அவள் தினமும் பார்த்ததுதான். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். தனக்கு ஒரு வாய், அப்புறம் உள்ளங்கையில் வைத்து அதற்கு ஒரு வாய். அவள் இத்தனை நாளும் கிண்ணத்தை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தாள், வார்டில் தட்டை வைத்துவிட்டு நகர்வது போல.

தரையில் உட்கார்ந்தாள். முட்டி சொடுக்கியது. குக்கரிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தான் மென்றாள். அடுத்ததை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்தது. மூக்கை நீட்டியது. பிறகு அவள் உள்ளங்கையை நக்கியது. நாக்கு அரம் மாதிரி இருந்தது. இது இப்படி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. இன்னொரு வாய் வைத்தாள். அதுவும் போனது.

“சாப்பிடுறான்! சாப்பிடுறான் அண்ணி!” நாத்தனாரும் கீழே உட்கார்ந்து, உற்சாகத்தில் தானும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் முகம் கோணியது. “ஐயய்ய! இதையா இத்தனை நாளாத் தின்னீங்க? உப்பு எங்க?”

“அவர் ஜாடி மேல இருக்கு.”

நாத்தனார் ஜாடியை இறக்கி மூடியைத் திருகினாள். உப்பு உள்ளே கல்லாக இறுகிக் கிடந்தது. கவிழ்த்துத் தட்டினாள், ஒரு பொட்டு விழவில்லை. கரண்டிக் காம்பை உள்ளே விட்டுக் குத்தத் தொடங்கினாள். டொக், டொக். மேனேஜர் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தது. ஆபத்தில்லை என்று கண்டு மறுபடி அவள் கைக்குள் குனிந்தது.

ஒரு சில்லு பெயர்ந்தது. நாத்தனார் ஒரு தட்டில் கறி எடுத்துக்கொண்டு, சில்லை விரலால் நசுக்கி அதன் மேல் தூவினாள்.

“எனக்கும் போடு” என்றாள் அவள்.

நாத்தனார் போட்டாள். அவள் ஒரு வாய் எடுத்து மென்றாள்.

“போதுமா அண்ணி?”

“தெரியல. இன்னும் கொஞ்சம் போட்டுப் பாரு.”